நம்பியவர் குற்றவாளியா?

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஸ்காட்லாந்தில் டே ஆற்று முகத்துவாரத்தின் மேல் நின்ற ரயில் பாலத்தின் உயரமான நடுப்பகுதி புயலில் சரிந்தது. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பாலம். டண்டீ நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயிலும் அதில் இருந்த அத்தனை பேரும் ஆற்றுக்குள் போனார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. ஓய்வுநாளில் ரயில் ஓட்டியதற்கும் ரயில் ஏறியதற்கும் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று அந்நாட்டுப் போதகர்கள் சிலர் சொன்னார்கள். விசாரணையில் வேறு விஷயங்கள் வெளிவந்தன. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பவுச், காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகளை மெழுகும் இரும்புத் தூளும் கலந்த பசையால் அடைத்து, வெளியே தெரியாதபடி பூசியிருந்தார்கள். கடவுளின் கோபத்தைப் பேசிய போதகர்கள் கடவுளை நம்பினார்கள் என்பதில் எனக்குக் குறையில்லை. காரணத்தை வானத்தில் வைத்துவிட்டால் தூணைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது என்பதுதான் குறை. 'விதி முடிந்துவிட்டது', 'தலையெழுத்து' என்று நாம் சொல்லி முடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் போதகர்களை ஒதுக்கிவிட்ட பிறகும் அறம் பற்றிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது அதைத்தான். ஒருவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தான் செய்தது உறுதியானது என்று மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நின்ற மனிதர்கள் சாகிறார்கள். அவர் மேல் பழி உண்டா? இந்தியச் சமய மரபில் இது பழைய வழக்கு. எண்ணமே வினை என்பது பௌத்தர் கட்சி. மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள உபாலி சுத்தத்தில், உடலால் செய்வதைவிட மனதால் செய்வதே கனமானது என்று புத்தர் வாதிடுகிறார். சமணர்களுடைய சூத்ரகிருதாங்கம் இந்தக் கட்சியை எடுத்து வைத்துக் கேலி செய்கிறது: சுரைக்காய் என்று நினைத்து ஒரு குழந்தையை நெருப்பில் வாட்டியவனுக்குப் பாவமில்லை, குழந்தை என்று நினைத்துச் சுரைக்காயை வாட்டியவன் கொலைகாரன் என்றல்லவா உங்கள் கணக்கு முடிகிறது? கேலி சற்று நியாயமற்றதுதான், ஆனாலும் குறி தப்பவில்லை. எண்ணத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசில், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருந்தவன் எப்போதும் தப்பித்துவிடுவான். அதற்காக விளைவை மட்டும் நிறுத்தால், எவ்வளவு கவனமாக நடந்தாலும் காலடியில் எறும்பு நசுங்கிய குற்றத்திலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. சமண அறிஞர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காட்டுகிறது. கவனம் தவறிய செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்பது அதன் வரையறை. எண்ணத்துக்கும் விளைவுக்கும் இடையே கவனத்தை வைக்கிறது அந்த நூல். இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தவர், இங்கிலாந்தின் கணித அறிஞர் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட். டே பாலம் விழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1877-இல், நம்பிக்கையின் அறம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே உள்ளூர உறுத்துகிறது. இத்தனை முறை போய் வந்த கப்பலாயிற்றே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கடைசியில் மனதார நம்பியே வழியனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்ட். கற்பனைக் கப்பலை வைத்து நடத்தும் வாதம் எளிதில் கழன்றுவிடும். நிஜமான இரும்பில் பொருத்திப் பார்த்தால்தான் அது தாங்குமா என்று தெரியும். அதற்குக் கனடாவின் க்யூபெக் பாலத்தைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ரயில் போக ஒரு பெரிய டிரஸ் பாலம் வேண்டும் என்பது க்யூபெக் நகரத்தின் நெடுநாள் ஆசை. பாலத்துக்கான கம்பெனி 1887-இல் உருவானது. இரும்பு வேலை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த பீனிக்ஸ் பாலக் கம்பெனியிடம் போனது. அங்கே வடிவமைப்புக்குப் பொறுப்பு பீட்டர் ஸ்லாப்கா. எல்லோருக்கும் மேலே, ஆலோசகப் பொறியாளராக, நியூயார்க்கின் தியடோர் கூப்பர். செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி மேல் பொறியாளர் ஈட்ஸ் கட்டிய புகழ்பெற்ற பாலத்தில் வேலை பார்த்தவர். ரயில் பாலங்கள் விஷயத்தில் அவர் பேச்சுக்கு அமெரிக்கா முழுவதும் மதிப்பு இருந்தது. 1900-இல் அவர் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக்கச் சொன்னார். தூண்களை ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தலாம், பனிக்கட்டிகளின் மோதல் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். மூன்றும் நல்ல காரணங்கள்தான். கூடவே, ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தின் 1,710 அடியைத் தாண்டி, உலகத்திலேயே நீளமான இடைவெளி என்ற பெயரும் கிடைக்கும். இடைவெளி நீண்டால் பாலத்தின் சொந்த எடை கூடும், எடை கூடினால் ஒவ்வொரு உறுப்பின் மேலும் விழும் சுமை கூடும். பழைய நீளத்துக்குப் போட்ட எடைக் கணக்கையே வைத்துக்கொண்டு புதிய நீளத்துக்கு வடிவம் வரைந்தார்கள். யாரும் திரும்பக் கூட்டிப் பார்க்கவில்லை. 1906-இல் உண்மை எடை தெரிய வந்தபோது, உறுப்புகளின் மேலுள்ள தகைவு நினைத்ததைவிட 7 முதல் 10 சதவீதம் அதிகம் என்று கணக்கு வந்தது. அதற்குள் பெரும் பகுதி இரும்பு வெட்டித் துளையிடப்பட்டு, கொஞ்சம் பாலத்திலும் ஏறிவிட்டது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடுதல் தகைவு தாங்கக்கூடியதே என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார். அவர் முன்பே அனுமதித்திருந்த எல்லைகளே அந்தக் கால வழக்கத்தைவிட அதிகம். 1903-இல் அரசின் ரயில்வே துறைப் பொறியாளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார். வடிவத்தைச் சரிபார்க்க இன்னொருவரை நியமிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. தனக்கு மேல் இன்னொரு ஆளா என்று கூப்பர் எதிர்த்தார், அரசும் விட்டுக்கொடுத்தது. சரிபார்க்க இருந்த ஒரே கதவும் அன்றே மூடியது.

டிரஸ் பாலத்தின் பலம் முக்கோணங்களில் இருக்கிறது. உறுப்புகளில் சில இழுபடும், சில அழுத்தப்படும். இழுபடும் உறுப்பு இழுக்க இழுக்க நேராகும். அழுத்தப்படும் உறுப்பு எல்லை தாண்டினால் விலகி வளையும். துடைப்பக் குச்சியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். க்யூபெக் பாலத்தில் கரையை ஒட்டிய பகுதியின் கீழ் உத்திரங்கள்தான் பெரும் அழுத்தத்தைச் சுமந்தன. ஒவ்வொன்றும் நான்கு தடித்த எஃகு விலாக்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, கோணப் பட்டைகளால் குறுக்கும் நெடுக்கும் பின்னி, ரிவெட் அடித்துச் செய்தது. நான்கும் ஒன்றாக நிற்குமா, தனித்தனியே விலகுமா என்பது அந்தப் பின்னலின் கையில் இருந்தது. பின்னல் மெலிவு. 1907 ஆகஸ்டில் உத்திரங்களின் இணைப்புகள் நேர்கோட்டில் சேராமல் விலகி நின்றன. தளத்தில் கூப்பரின் கண்ணாக இருந்த இளம் பொறியாளர் நார்மன் மக்லூர் அவருக்கு எழுதினார். பட்டறையிலேயே வளைந்து வந்திருக்கும் என்றது பீனிக்ஸ் தரப்பு. கூப்பர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கடிதம் போய்க் கடிதம் வந்தது. இந்தப் பக்கம் கிரேன்கள் இரும்பை ஏற்றிக்கொண்டே இருந்தன. ஆகஸ்ட் 27 அன்று ஒரு உத்திரத்தை அளந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு முக்கால் அங்குலம் வளைந்திருந்தது, இப்போது இரண்டேகால் அங்குலம்.

இந்த இரண்டேகால் அங்குலத்தில் சற்று நிற்க வேண்டும். அளந்தவர்களுக்கு அது தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அவர் வேலையை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் மறுபடி தொடங்கினார். பாலம் விழுந்தபோது அவரும் அதில்தான் இருந்தார். வேலையை நிறுத்தினால் ஆட்கள் மனம் கலங்குவார்கள், கிளம்பிப் போய்விட்டால் இந்தப் பருவமே வீண் என்ற பேச்சும் தளத்தில் இருந்தது. வளைவு முன்பே இருந்ததுதான் என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. அப்படி நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். மக்லூர் ரயிலேறி 29-ஆம் தேதி முற்பகலில் நியூயார்க் வந்து கூப்பரைப் பார்த்தார். கூப்பர் உடனே தந்தி கொடுத்தார்: விஷயத்தை ஆராயும் வரை பாலத்தில் இனி சுமை ஏற்ற வேண்டாம். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு, பாலத்துக்கு அல்ல. மாலையில் அங்கே கூடிப் பேசி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். அன்று மாலை ஐந்தரை மணி சுமாருக்குப் பாலம் விழுந்தது. 19,000 டன் எஃகு. சில விநாடி நேரம். மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மொஹாக் பழங்குடி இரும்பு வேலைக்காரர்கள். அந்த ஊர்க் கல்லறையில் இன்றும் எஃகு உத்திரத்தில் செய்த சிலுவைகள் நிற்கின்றன.

அரசு அமைத்த விசாரணைக் குழு, கீழ் உத்திரங்களின் வடிவமைப்பில் இருந்த குறையே காரணம் என்று 1908-இல் அறிக்கை கொடுத்தது. கூப்பரும் ஸ்லாப்காவும் முடிவெடுத்ததில் பிழை செய்தார்கள். அது கடமை தவறியதாலோ செலவு மிச்சம் பிடிக்கும் ஆசையாலோ நேர்ந்தது அல்ல என்றது. பொறியியல் அறிக்கை என்ற அளவில் அது நேர்மையானது. அறத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் எனக்கு அது போதவில்லை. பிழை என்பது, கூட்டிப் பார்த்துக் கூட்டலில் தவறுவது. எடையைக் கூட்டிப் பார்க்காமலே விட்டதும், இன்னொருவர் கூட்டிப் பார்ப்பதைத் தடுத்ததும் பிழைக்கு முந்தைய வேறொன்று. கூப்பரின் நம்பிக்கை ஆராய்ச்சியின் முடிவில் வந்து சேரவில்லை. ஆராய்ச்சி வேண்டாம் என்பதற்குக் காரணமாகவே அது பயன்பட்டது. 1903-க்குப் பிறகு உடல்நிலை காரணமாக அவர் தளத்துக்கே போகவில்லை. ஆற்றுக்கு மேல் எஃகு எழுந்ததை ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை. நோய் குற்றமல்ல. போக முடியாதவர், போகக்கூடிய இன்னொருவருக்கு இடம் விடாமல் அதிகாரம் முழுவதையும் தன் கையில் வைத்துக்கொண்டதை நோயின் கணக்கில் எழுத முடியாது. தெரிந்து தெளிந்த பிறகே ஒருவரை நம்பு என்ற பாடத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில், ஆள்பவனுக்கான திறமைகளோடு வைத்தார். க்யூபெக்கைப் பார்த்த பிறகு அது அறத்துப்பாலிலும் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில வலுவானவை. விழுந்த பிறகு எல்லோரும் ஞானிகள்தான் என்பது முதல் மறுப்பு. பாதை தெளிவாகத் தோன்றுவது இன்று நமக்குத்தான். அவ்வளவு பெரிய உத்திரங்களைப் பற்றிய சோதனை முடிவுகள் அன்று யாரிடமும் இல்லை, அவர்கள் இருட்டில்தான் நடந்தார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இருட்டு என்று தெரிவதே ஓர் அறிவு. உலகத்தில் யாரும் கட்டாத நீளம் என்று பெருமைப்பட்டவர்களுக்கு, உலகத்தில் யாரும் சோதிக்காத உறுப்பு என்பதும் அதே மூச்சில் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு மறுப்பு, தற்செயலைப் பற்றியது. தந்தி நேரே பாலத்துக்குப் போயிருந்தால் ஆட்கள் இறங்கியிருப்பார்கள். எச்சரிக்கையான முதியவர் என்று கூப்பரை வரலாறு பாராட்டியிருக்கும். ஒரு தந்தியின் முகவரி மனிதனின் குற்றத்தைத் தீர்மானிக்குமா? தீர்மானிக்காது என்பதே என் பதில், அது என் வாதத்துக்குச் சாதகமான பதிலும்கூட. ஆட்கள் பிழைத்திருந்தாலும் 1900-இலும் 1903-இலும் 1906-இலும் நடந்தவை அப்படியே நின்றிருக்கும். கப்பல் முதலாளியின் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தாலும் அவர் குற்றம் குறையாது என்று கிளிஃபோர்ட் சொல்வதும் இதையே. சாவு அந்தக் குற்றத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது, அதை உண்டாக்கவில்லை. இதே காரணத்தால், இன்று நிற்கும் பாலங்களிலும் இத்தகைய குற்றங்கள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எனக்கும் உவப்பான முடிவல்ல.

எல்லாவற்றையும் தானே சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்றால் யாரும் ரயிலில் ஏற முடியாது, கொல்லன் தாது எடுத்தவனை நம்பாமல் உலை மூட்ட முடியாது என்ற மறுப்பும் உண்டு. கிளிஃபோர்ட் இதில் சற்றுக் கடுமையானவர். போதிய ஆதாரமின்றி எதையும் யாரும் எங்கும் நம்பக் கூடாது என்கிற அளவுக்குப் போகிறார். அவ்வளவு தூரம் என்னால் அவரோடு போக முடியவில்லை. ரிவெட் அடித்த மொஹாக் தொழிலாளி பின்னல் பட்டையின் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது அபத்தம் மட்டுமல்ல, கொடுமையும்கூட. அவர் நம்பியது கூப்பரை. கூப்பர் நம்பியதும் கூப்பரைத்தான். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றல்ல. கீழே இருப்பவர் வேறு வழியின்றி வைக்கும் நம்பிக்கையின் பாரம் முழுவதும், மேலே இருப்பவரின் நம்பிக்கையில் போய் இறங்குகிறது. சோதிக்கும் கடமை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. எத்தனை பேருடைய நம்பிக்கை ஒருவர் மேல் நிற்கிறதோ அத்தனைக்கு அந்தக் கடமை அவர் மேல் கூடுகிறது. சோதிக்க வசதியும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்று பார்த்தால், பழியின் பங்கும் தானாகத் தெரிந்துவிடும்.

கடவுள் நம்பிக்கை உள்ள வாசகர் இந்நேரம் ஒரு சந்தேகம் கேட்பார்: ஆதாரமில்லாமல் நம்புவது குற்றம் என்றால் பக்தி என்னாவது? வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் கிளிஃபோர்டுக்குச் சொன்ன பதில் இங்கே உதவுகிறது. சில கேள்விகளில் ஆதாரம் ஒரு பக்கமும் தீர்ப்புச் சொல்லாது, தள்ளிப்போடவும் முடியாது. அங்கே மனம் சாயும் பக்கம் நம்ப மனிதனுக்கு உரிமை உண்டு என்றார் அவர். இதை நான் ஏற்கிறேன், ஓர் எல்லையோடு. அப்படி நம்புகிறவர் பணயம் வைப்பது தன் வாழ்க்கையை. துறவியாகப் போகிறவரும் நோன்பு இருப்பவரும் தங்கள் நாட்களைத்தான் ஒப்படைக்கிறார்கள். கூப்பர் பணயம் வைத்தது 86 பேரை, அவர்களிடம் கேட்காமல். போதாததற்கு, அவருடைய கேள்வி ஆதாரம் எட்டாத கேள்வியும் அல்ல; கூட்டிப் பார்த்தால் விடை வந்திருக்கும். விடை கிடைக்கக்கூடிய இடத்தில், பிறர் உயிரை வைத்து நம்புவதற்குப் பக்தியின் சலுகை கிடையாது. மருந்தை நிறுத்திவிட்டு விபூதி மட்டும் போதும் என்று தன் பிள்ளைக்கு முடிவு செய்யும் பெற்றோரும் கூப்பர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். தனக்கே அப்படி முடிவு செய்யும் பெரியவரைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கலாம். குற்றம் சாட்ட மாட்டேன்.

இந்த வாதத்தைச் சோதிக்க க்யூபெக்கே இன்னொரு சான்றையும் வைத்திருக்கிறது. விழுந்த பாலத்தின் இடத்தில் புதிய பாலத்தை ஒரு தனி மனிதரிடம் விடவில்லை. பொறியாளர் குழு ஒன்றிடம் கொடுத்தார்கள். வடிவம் முழுவதும் மாறியது. அழுத்தம் தாங்கும் கீழ் உத்திரங்களின் குறுக்குப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அப்படியிருந்தும் 1916 செப்டம்பர் 11 அன்று, 640 அடி நீள நடுப்பகுதியைப் படகுகளில் கொண்டுவந்து மேலே தூக்கும்போது, அதைத் தாங்கிய வார்ப்புத் தாங்கி ஒன்று உடைந்து, முழுத் துண்டும் ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். விளைவை மட்டும் பார்க்கிறவர் இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பார். சாபம் பிடித்த பாலம் என்றும் சொல்வார். எண்ணத்தை மட்டும் பார்க்கிறவரும் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைப்பார், இரண்டிலும் கெட்ட எண்ணம் இல்லையே. நான் பிரித்து வைக்கிறேன். 1916-இல் குறையே இல்லை என்று சொல்லவில்லை; அந்தத் தாங்கியை அவர்கள் பிறகு மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அங்கே ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்த்தார். 13 பேரின் சாவு விபத்து. 75 பேரின் சாவை அந்தப் பெயரால் என்னால் அழைக்க முடியாது.

1917 செப்டம்பரில் தாங்கிகளை மாற்றி நடுப்பகுதியை மறுபடி தூக்கிப் பொருத்தினார்கள். 1919 ஆகஸ்டில் வேல்ஸ் இளவரசர் பாலத்தை முறைப்படி திறந்துவைத்தார். அதே மாதம் கூப்பர் இறந்தார். 549 மீட்டர் கொண்ட அந்த நடு இடைவெளியைவிட நீளமான கான்டிலீவர் பாலம், அதாவது இரு பக்கமிருந்தும் கை நீட்டியது போல நிற்கும் வகைப் பாலம், உலகத்தில் இன்னும் கட்டப்படவில்லை. ரயில்கள் இன்றும் அதன் மேல் போய்க்கொண்டிருக்கின்றன.